மேனேஜரின் கோபம் வீடு வரை வருவது எப்படி?

அமெரிக்காவில் எலன் கலின்ஸ்கி என்ற ஆய்வாளர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார். "உன் அம்மா, அப்பா பார்க்கும் வேலையால் உன் வாழ்க்கையில் உண்டாகும் விஷயங்களில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்?" உங்கள் பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும் என்று பெற்றோரிடமும் கேட்டார். பாதிக்கும் மேற்பட்ட பெற்றோர், 'எங்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்' என்றார்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது அப்படிச் சொன்ன பிள்ளைகள் பத்தில் ஒருவர்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் ஆசைப்பட்டது, அம்மா இவ்வளவு டென்ஷனோடும் களைப்போடும் வீட்டுக்கு வராமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான். இந்த முடிவுகள் 1999இல் வெளியாயின.

வேலையையும் வீட்டையும் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மணிக்கணக்கையே பேசுகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேட்கிறோம். என்ன மனநிலையோடு திரும்புகிறார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவர் ராத்திரி பத்து மணி வரை யாரிடமும் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அந்த மனநிலையைத் தீர்மானிக்கும் காரணங்களில் பெரியது ஒன்று, மேலே இருப்பவர் அன்றைக்கு அவரை நடத்திய விதம். அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எது கண்டிப்பு, எது கொடுமை?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேலையில் தப்பு நடந்தால் சுட்டிக்காட்டுகிற, கெடு வைக்கிற, சரியில்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புகிற மேலாளர் எல்லாம் கொடுமைக்காரர் இல்லை. கண்டிப்பான மேலாளரிடம் வேலை கற்றுக்கொண்டு, அவரைக் காலமெல்லாம் நன்றியோடு நினைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

பென்னட் டெப்பர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு வரையறை வகுத்தார். மேலதிகாரி தன் கீழே வேலை செய்பவரிடம் சொல்லாலும் நடத்தையாலும் தொடர்ந்து பகைமை காட்டுவதை, அந்த ஊழியர் எந்த அளவுக்கு உணர்கிறார் என்பதே அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல். கைநீட்டி அடிப்பது இதில் சேராது. அதற்கு வேறு சட்டம், வேறு ஆய்வு. இங்கே முக்கியமான சொல் 'தொடர்ந்து'. என்றோ ஒரு நாள் மேலாளர் பொறுமை இழந்து கத்திவிட்டுப் பிறகு சரியாகிவிடுவது இந்த வகையில் வராது.

அளப்பதற்காக டெப்பர் பதினைந்து கேள்விகள் வைத்திருந்தார். அவற்றைப் படிக்கும்போது, எந்த ஊரில் வேலை பார்ப்பவருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும். பிறர் முன்னிலையில் மட்டம் தட்டுவது. எப்போதோ செய்த தப்பை இழுத்து இழுத்துப் பேசுவது. உழைத்தவருக்குச் சேர வேண்டிய பெயரைக் கொடுக்காமல் இருப்பது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் மேல் பழியைப் போடுவது. வேறு எதற்கோ வந்த கோபத்தை இவர் மேல் காட்டுவது. பேசாமலே ஒதுக்கி வைப்பது. இந்தக் கடைசி ஒன்றை நம் ஊரில் பலர் கொடுமை என்றே எண்ணுவதில்லை. 'அவர் ஒண்ணும் திட்டலையே' என்பார்கள். காலையில் வைக்கும் வணக்கத்துக்கு வாரக்கணக்கில் பதில் வராத ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், திட்டியிருந்தால்கூடத் தேவலை என்பார்.

2023 ஜூன் மாதம் ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. பெரிய தனியார் வங்கி ஒன்றின் கொல்கத்தா அதிகாரி ஒருவர், டார்கெட்டை எட்டவில்லை என்று ஆன்லைன் கூட்டத்தில் ஊழியர்களைக் கத்தித் தீர்க்கும் காட்சி. வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. அதைப் பார்த்து அதிர்ந்தவர்களைவிட, 'எங்க ரிவ்யூ காலும் இப்படித்தான்' என்று எழுதியவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை அதிகமானது.

வாசல் தாண்டி உள்ளே வரும் வழிகள்

ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மாலை ஏழு மணிக்கு ரிவ்யூ கால். கிளையில் உள்ள எல்லோரும் லைனில் இருக்கிறார்கள். அவருடைய முறை வருகிறது. எண்களைச் சொல்கிறார். "உனக்கெல்லாம் எதுக்குய்யா சம்பளம்?" என்று மறுமுனையில் குரல் உயர்கிறது. வசூல் ஏன் குறைந்தது என்பதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் அவர் வாயிலிருந்து வருவது, "சரி சார், நாளைக்குக் கவர் பண்ணிடறேன் சார்." வண்டியை எடுக்கிறார். வழியெல்லாம், அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறார். வீட்டில் மகள் ஓடி வந்து கேட்கிறாள்: "அப்பா, சார்ட் பேப்பர் வாங்கிட்டு வந்தியா?" மறந்துவிட்டார். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?" என்று ஒரு கத்தல். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்க்கிறார். "இப்ப என்ன நடந்துச்சுன்னு புள்ளகிட்ட இப்படிக் கத்துறீங்க?"

நடந்தது மனைவிக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. சார்ட் பேப்பர் கேட்டது தப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

யார் மேலோ உள்ள கோபத்தை யாரிடமோ காட்டுவது புதிய செய்தி இல்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டொலார்டும் அவருடைய சகாக்களும் 1939லேயே இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். கோபத்துக்குக் காரணமானவரைத் திருப்பித் தாக்குவது ஆபத்து என்றால், அந்தக் கோபம் ஆபத்தில்லாத ஆளைத் தேடிப் போகும். மேலாளரை எதிர்த்துப் பேசினால் வேலை போகும், அப்ரைசல் போகும். மகள் அப்பாவை வேலையை விட்டு நீக்க முடியாது. மனைவி நோட்டீஸ் கொடுக்க மாட்டார். எவ்வளவு கத்தினாலும் விட்டுப்போக மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் வீட்டில் இருப்பவர்களை இதற்கு இலக்காக்குகிறது. அன்பு இருக்கிற இடத்திலேயே அடி விழுவது இதனால்தான்.

ஜெனி ஹூப்லர், டேனியல் பிராஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியை மூன்று கண்ணியாகப் பார்த்தது. மேலாளரிடம் கேட்டார்கள், ஊழியரிடம் கேட்டார்கள், ஊழியரின் வீட்டில் இருக்கும் ஒருவரிடமும் கேட்டார்கள். நிறுவனம் தனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று நினைத்த மேலாளர்கள் கீழே உள்ளவர்களிடம் அதிகக் கடுமை காட்டினார்கள். அந்தக் கடுமைக்கு ஆளானவர்களின் வீட்டில், 'எங்களைக் குறை சொல்கிறார், எரிந்து விழுகிறார்' என்று குடும்பத்தினர் அதிகமாகச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தினர் மேலாளரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களாக இருக்கலாம். அவருக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போன கதையும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கத்துவது ஒரு வழி. இன்னொரு வழி, ஒன்றுமே பேசாமல் போய்விடுவது. என் பார்வையில் இரண்டாவதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. கத்தினால் வீட்டில் யாராவது ஒருவர் 'ஏன்' என்று கேட்பார், ஒரு சண்டையாவது வரும், சண்டையில் விஷயம் வெளியே வரும். மௌனத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. 'களைப்பு, விடு' என்று எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். மாதங்கள் ஓடும்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரீனா ரெபெட்டி இந்த விஷயத்தை மிக நுணுக்கமாகப் பார்த்தவர். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஒரு நாளின் வேலைப் பளுவை விமானங்களின் எண்ணிக்கையையும் வானிலையையும் வைத்து வெளியிலிருந்தே கணக்கிட முடிகிற தொழில் அது. பளு அதிகமான நாள்களில் அவர்கள் வீட்டுக்கு வந்து ஒதுங்கிப்போனார்கள், பேச்சு குறைந்தது. மேலதிகாரியோடோ சக ஊழியர்களோடோ மனக்கசப்பு ஏற்பட்ட நாள்களில் நடந்தது வேறு. அன்று பிள்ளைகள் மேல் கோபப்படுவதும் அவர்களைத் தண்டிப்பதும் கூடியது.

இந்த வேறுபாட்டை நாம் கவனிப்பதே இல்லை. 'வேலை ஜாஸ்தி, அதான் எரிச்சல்' என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். வேலை அதிகமாக இருந்தது வேறு, அவமானப்பட்டது வேறு. முன்னதற்கு ஓய்வு போதும். அவமானம் தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

ஜெனிஃபர் வுட் என்பவரோடு சேர்ந்து ரெபெட்டி 1997இல் வெளியிட்ட ஆய்வில் தாய்மார்களைப் பார்த்தார்கள். வேலை முடிந்து குழந்தைகள் காப்பகத்துக்கு வரும் அம்மா, தன் குழந்தையை மீண்டும் சந்திக்கும் முதல் சில நிமிடங்களை வீடியோ எடுத்தார்கள். வேலை கடுமையாக இருந்த நாள்களிலும், வேலையிடத்தில் மனக்கசப்பு ஏற்பட்ட நாள்களிலும் அம்மாக்கள் குறைவாகப் பேசினார்கள், குறைவாகக் கொஞ்சினார்கள். அந்தக் குழந்தைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயதினர். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தெரியாத வயது.

கணவனுக்கு விழுந்த திட்டு மனைவி மேல், மனைவிக்கு விழுந்தது கணவன் மேல்

நியால் போல்ஜரும் சக ஆய்வாளர்களும் 166 தம்பதிகளை 42 நாள்கள் தினமும் குறிப்பு எழுத வைத்து 1989இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையிடத்து நெருக்கடி வீட்டுக்குள் வருவதை நாள் வாரியாகப் பார்க்க அந்தக் குறிப்புகள் உதவின. அதில் ஒரு முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கணவருக்கு வேலையில் நெருக்கடி என்றால் மனைவி வீட்டு வேலையைக் கூடுதலாக இழுத்துப்போட்டுச் செய்து அதை ஈடுகட்டினார். மனைவிக்கு நெருக்கடி வந்தபோது கணவர்கள் அந்த அளவுக்குச் செய்யவில்லை.

நம் வீடுகளில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. திட்டு வாங்கிய கணவருக்கு 'அவரே நொந்து போய் வந்திருக்கார்' என்று காபி வரும், டிவி சத்தம் குறையும், பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புவார்கள். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, வாடிக்கையாளர் முன்னாலேயே சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி வரும் பெண்ணுக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் குக்கர் வைக்க வேண்டும், மறுநாள் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒதுங்கி உட்காரக்கூட இடமில்லை. ரெபெட்டி சொல்லும் மௌனம்கூட அவருக்குக் கிடைக்காது. 'என்ன, மூஞ்சியை உர்ருன்னு வெச்சிட்டிருக்க?' என்ற கேள்வி வந்துவிடும்.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் கார்ல்சன் குழுவினர் 2011இல் ஊழியர்களையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளையும் தனித்தனியே கேட்டு ஆராய்ந்தார்கள். மேலாளரின் கொடுமை தம்பதிக்குள் இறுக்கத்தை உண்டாக்கி, இருவரின் குடும்ப மகிழ்ச்சியையும் குறைத்தது. துணையின் பதிலிலும் அது தெரிந்தது என்பதுதான் இங்கே செய்தி. பாதிக்கப்பட்டவர் மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று தள்ளிவிட முடியாது.

புதிதாகக் கல்யாணமானவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். பத்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு, 'இவர் இயல்பு இது இல்லை, ஆபீஸில் ஏதோ நடந்திருக்கிறது' என்று பிடிபடும். ஆறு மாதம் கூட இருந்தவருக்கு அந்த ஒப்பீடு இல்லை. எரிந்து விழுவதுதான் இவர் குணம் என்று முடிவு கட்டிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் இரு வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சில் மேலாளரின் பெயர் ஒருமுறைகூட வராது.

போனில் கூடவே வரும் ஆபீஸ்

முன்பெல்லாம் பஸ் பயணம் ஓர் இடைவெளியைக் கொடுத்தது. இப்போது வாட்ஸ்ஆப் குரூப் அதையும் எடுத்துக்கொண்டது. ராத்திரி ஒன்பதரைக்கு, 'யார் யார் இன்னும் ரிப்போர்ட் போடவில்லை' என்று பெயர்ப் பட்டியலோடு ஒரு மெசேஜ். பதில் போடாவிட்டாலும் நீல டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜெர்மனியின் சபீனே சோனென்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது இந்த இடைவெளியைத்தான். வேலை நேரம் முடிந்த பிறகு உடம்பு வெளியே வந்தால் மட்டும் போதாது, மனசும் அங்கிருந்து விலகி வர வேண்டும். அப்படி விலகி வருபவர்கள்தான் மறுநாளைக்குத் தெளிவோடு எழுகிறார்கள். திட்டு வாங்கியவருக்கு இந்த விலகல்தான் மிகவும் கடினம். மனசு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது. ஃபிரான்ஸ் 2017லும் ஆஸ்திரேலியா 2024லும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனால் ராத்திரி மெசேஜுக்குப் பதில் போடாதது குற்றமில்லை என்று ஒருவர் நிமிர்ந்து சொல்ல அது ஒரு பிடிமானம்.

'பிடிக்கலைன்னா விட்டுட்டு வா' என்று சொல்பவர்களுக்கு

இந்த அறிவுரை அன்போடுதான் சொல்லப்படுகிறது. ஆனாலும் வேலையை விடுவது அவ்வளவு எளிதில்லை. வீட்டுக் கடன் இஎம்ஐ இருக்கும். மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருக்கும், அந்த மூன்று மாதமும் அதே மேலாளரின் கீழ்தான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர். பேப்பர் போட்ட செய்தி தெரிந்ததும் கொடுமை கூடும் இடங்களும் உண்டு. நாற்பத்தைந்து வயதில் அடுத்த வேலை கிடைக்குமா என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் பொறுத்துக்கொள்பவரைக் கோழை என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அவர் பொறுத்துக்கொள்வதே வீட்டுக்காகத்தான். அந்தப் பொறுமையின் விலையையும் வீடே கொடுக்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

'ஆபீஸை ஆபீஸோட விட்டுட்டு வா' என்ற இன்னொரு அறிவுரையிலும் எனக்கு உடன்பாடில்லை. முழுச் சுமையையும் அது திட்டு வாங்கியவர் தலையிலேயே வைக்கிறது. திட்டியவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒரு நிறுவனமே இதைத் திட்டமிட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஃபிரான்ஸின் தொலைபேசி நிறுவனமான ஃபிரான்ஸ் டெலிகாம் மேல் வந்த வழக்கு உதாரணம். 2006இல் அந்த நிறுவனம் 22,000 பேரைக் குறைக்க முடிவெடுத்தது. அங்கே பெரும்பாலானோர் அரசு ஊழியர் என்ற தகுதியோடு இருந்தவர்கள், அவர்களை நேரடியாக வெளியே அனுப்ப முடியாது. அதனால் தாங்களே போய்விடும்படி நெருக்கினார்கள். பழகிய வேலையைப் பிடுங்கி வேறு வேலை கொடுப்பது, ஊர் மாற்றுவது, எட்ட முடியாத இலக்கு வைப்பது என்று நடந்தது. 'ஜன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ, எப்படியும் இவர்களை வெளியேற்றுவேன்' என்ற பொருளில் நிறுவனத் தலைவர் டிடியே லொம்பார் 2006இல் ஒரு கூட்டத்தில் பேசினார். அடுத்து வந்த ஆண்டுகளில் ஊழியர்கள் பலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வழக்கு 39 பேரின் நிலையை எடுத்துக்கொண்டது. அவர்களில் 19 பேர் உயிரிழந்தவர்கள். அவர்களுக்காக நீதிமன்றத்துக்கு வந்து நின்றது அவர்களுடைய குடும்பங்கள். 2019 டிசம்பரில் லொம்பாரும் மற்ற உயர் அதிகாரிகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. நிறுவனத்துக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஃபிரான்ஸின் உச்ச நீதிமன்றம், ஒரு நிறுவனத்தின் கொள்கையே ஊழியர்களைத் துன்புறுத்தும் குற்றமாகலாம் என்பதை உறுதி செய்தது.

ஜப்பான் 2020 ஜூன் முதல் பெரிய நிறுவனங்களிலும், 2022 ஏப்ரல் முதல் சிறிய நிறுவனங்களிலும் அதிகாரத்தைப் பயன்படுத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கும் கடமையை முதலாளிகள் மேல் வைத்தது. தனிமைப்படுத்துவது, செய்ய முடியாத வேலையைத் தலையில் கட்டுவது, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது எல்லாம் அதில் அடங்கும். இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அன்றாடம் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துவதற்கு என்று தனிச் சட்டம் இல்லை. பெரிய நிறுவனங்களின் உள் விதிகளில் சில வரிகள் இருக்கும், ஹெச்ஆரிடம் புகார் கொடுக்கலாம். சின்னக் கம்பெனிகளில் ஹெச்ஆர் என்பவரே முதலாளியின் மைத்துனராக இருப்பார்.

வீட்டில் என்ன செய்யலாம்

ரெபெட்டியின் ஆய்வு ஒரு விஷயம் சொல்கிறது. நெருக்கடியான நாளுக்குப் பிறகு சிறிது நேரம் ஒதுங்கியிருப்பதும், அந்த நேரத்தைத் துணை புரிந்துகொண்டு கொடுப்பதும் மனசும் உடம்பும் சமநிலைக்குத் திரும்ப உதவுகின்றன. ஆகவே வந்தவுடன் விசாரிக்க வேண்டாம். முகம் கழுவிவிட்டு அரை மணி நேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கட்டும். ஆனால் அந்த ஒதுக்கத்துக்குக் காரணத்தை ஒரே வரியிலாவது அவர் சொல்ல வேண்டும். "இன்னைக்கு ஆபீஸ்ல ரொம்பப் பேச்சு வாங்கினேன், கொஞ்ச நேரம் விடு" என்றால் போதும். இந்த ஒரு வரி இல்லாமல் இருக்கும்போதுதான் மனைவி தன்னைப் பற்றியும், பிள்ளை தன் மார்க்கைப் பற்றியும் ஆயிரம் யோசிக்கிறார்கள்.

ஆண்களுக்கு இந்த வரியைச் சொல்வது மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் மதிப்போடு இருப்பவர், வெளியே ஒருவர் தன்னை மதிக்கவில்லை என்று சொல்லக் கூசுகிறார். சொன்னபோது, "நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" என்று முதல் கேள்வி வந்தால் அடுத்த முறை சொல்லவே மாட்டார். "அவன் யாரு உங்களைச் சொல்ல?" என்று கொதிப்பதும் அதிகம் உதவாது. கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

பிள்ளையிடம் கத்திவிட்டால், அன்றே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. "அப்பா ஆபீஸ் கோபத்துல கத்திட்டேன், நீ எதுவும் பண்ணல." ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

நிலைமை மாதக்கணக்கில் நீண்டால் எழுதி வைக்கத் தொடங்க வேண்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், கூட இருந்தவர்கள். மெசேஜ்களை அழிக்காமல் இருக்க வேண்டும். புகார் கொடுப்பதாக இருந்தாலும், இடமாற்றம் கேட்பதாக இருந்தாலும், நினைவிலிருந்து சொல்வதைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். ஒரே டீமில் இருவர், மூவர் சேர்ந்து சொன்னால் இன்னும் அதிகம்.

தூக்கம் போய், சாப்பாடு போய், 'இனி என்னால் முடியாது' என்ற பேச்சு வர ஆரம்பித்தால் வீட்டு ஆறுதலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர் அழைக்கத் தயங்கினால், வீட்டில் இருப்பவர் முதலில் அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.